மங்களத்துக்குப் பிறகு நடந்தது

பிப்ரவரி இரண்டாவது சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு ஜோஹட்பூர் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்தாம்: பாடிய என் மருமகள் மேதா, அவள் பின்னால் தம்புராவுடன் என் மனைவி வத்சலா, வயலின் சுபாஷிணி, மிருதங்கம் மாதவ், தலைமையாசிரியை சந்தோஷ் தஹியா, நூற்று நாற்பது குழந்தைகள், முப்பத்தோரு தாய்மார்கள், மேடையின் இடது ஓரத்தில் நான். என் பெயர் கல்யாணராமன். வயது எழுபத்து நான்கு. மத்திய அரசில் அண்டர் செக்ரட்டரியாக ஓய்வு பெற்றவன்.

என் மகன் அர்விந்துக்கு அன்று விமான நிலையத்தில் டியூட்டி. எங்கள் ஆர்.கே.புரம் நாதவல்லி சபாவின் செயலாளர் ஜெயராம் அங்கே இல்லை. சபாவிலிருந்து வேறு ஒருவரும் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுவது நல்லது.

நான் சென்ற வாரம் இங்கே எழுதிய, எங்கள் துவாரகா வீட்டுச் சாப்பாட்டு மேஜைச் சண்டை வாசகர்களுக்கு நினைவிருக்கும். தலைநகரின் ஓரத்தில் நஜஃப்கட் தாண்டியுள்ள கிராமப் பள்ளிகளில் மாதம் ஒரு முறை கச்சேரி செய்யப் போவதாக மேதா சொன்னாள்.

"செல்போன்ல யார் பாட்டு வேணும்னாலும் கேக்கலாம்ப்பா. எதிர்ல ஒருத்தி உக்காந்து பாடினா எப்படி இருக்கும்னு அந்தக் குழந்தைகளுக்குத் தெரியாது. மூச்சு வாங்கறது கூடக் கேக்கணும்."

நான் மூன்று நிபந்தனைகள் போட்டேன். சினிமாப் பாட்டு கிடையாது. இரண்டாவது, நான் மேடையில் இருப்பேன்; முடி என்று நான் சொன்னால் காரணம் கேட்காமல் மங்களம் பாட வேண்டும். மூன்றாவது, மங்களம் பாடி முடித்த பிறகு ஒரு சொல்கூடப் பாடக் கூடாது.

மூன்றாவது எங்கள் வீட்டு விதி மட்டுமல்ல. கச்சேரி மங்களத்தோடு முடியும். அதன்மேல் பாடுவது வழக்கமில்லை. இரண்டாவதுதான் எங்கள் வீட்டுக்கே உரியது. அதற்குக் காரணம் என் அக்கா மஹாலட்சுமி.

நாற்பது வருஷங்களுக்கு முன் சரோஜினி நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் அவள் பாடினாள். நடுவில் கூட்டம் பின்வரிசையிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து போனது. கண்ணை மூடிக்கொண்டு பாடியவள் திறந்து பார்த்தபோது காலி நாற்காலிகள்தான் இருந்தன. அதன் பிறகு அக்கா மேடை ஏறவில்லை. கூட்டம் எழ ஆரம்பித்தால், அது கலைவதற்கு முன் நாமே முடித்துவிட வேண்டும் என்பது அன்று நான் எடுத்த முடிவு.

மேதா அக்காவின் படத்துக்கு முன்னால் நின்று மூன்றுக்கும் சத்தியம் செய்தாள்.

போகும் வழியில் மாதவின் வேனில் வத்சலா ஆரம்பித்தாள்.

"அவளுக்கு மூணு நிபந்தனை போட்டேள். சரி. ஒன்பது வருஷம் பாட்டுக் கத்துண்டு, கவர்மென்ட் ஆர்டர் வந்த அன்னிக்கே மூட்டை கட்டி வெச்ச மனுஷர் ஒருத்தர் இருக்கார். அவருக்கு ஏதாவது நிபந்தனை உண்டோ?"

"நான் என்ன மேடையிலயா பாடப் போறேன்?"

"அதைத்தான் சொல்றேன். உங்க குரல் பூஜை அறை வாசப்படி தாண்டி நான் பார்த்ததில்லை."

"அர்விந்தைத் தூங்கப் பண்றதுக்குப் பாடியிருக்கேன்."

"அவனுக்கே நரை விழுந்தாச்சு."

மாதவ் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். இரண்டு பக்கமும் கடுகுப் பூ மஞ்சளாக நின்றது.

பள்ளிக்கூட வாசலில் சந்தோஷ் தஹியா காத்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். ஸ்வெட்டருக்கு மேல் சாவிக்கொத்து தொங்கியது. பேச்செல்லாம் அந்தப் பக்கத்து இந்தியில்தான். தமிழில் எழுதுகிறேன்.

"மேதாஜி, ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். எங்க பள்ளிக்கூடக் குழுவுல அம்மாக்கள்தான் அதிகம். அவங்க ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டா, ஒவ்வொரு ரெண்டாவது சனிக்கிழமையும் இந்தக் கூடம் உங்களுக்கு. சுத்துவட்டாரத்துல இன்னும் பத்து ஸ்கூல் இருக்கு. நாங்க செய்யறதைப் பார்த்துத்தான் அவங்க செய்வாங்க."

"கையெழுத்துப் போடலேன்னா?"

"அப்ப இந்தப் பக்கம் ஒரு ஸ்கூலும் கதவு திறக்காது. அவ்வளவுதான்."

மேதா தலையாட்டினாள். புடவைத் தலைப்பைச் செருகினாள், எடுத்தாள், மறுபடி செருகினாள். டிசம்பர் சீசனில் சென்னையில் பாடப் போனபோதுகூட அவள் அப்படிச் செய்ததில்லை.

நான்கு மேஜைகளைச் சேர்த்துப் போட்டு, மேலே ஜமக்காளம் விரித்த மேடை. நான் ஒவ்வொரு மேஜைக் காலையும் ஆட்டிப் பார்த்த பிறகே மேதாவை ஏற விட்டேன். குழந்தைகள் தரையில் வரிசையாக இருந்தார்கள். பின்னால் தாய்மார்கள் முக்காட்டை மோவாய்வரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

எனக்கு ஒரு சங்கடம். சபாவில் நான் முகங்களைப் படிப்பேன். எந்தச் சங்கதி பிடித்தது, எவருக்கு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று முன்வரிசையிலிருந்தே சொல்வேன். இங்கே படிக்க ஒரு முகமும் இல்லை. இவர்கள் இதை எப்படிக் கேட்பார்கள்? ஒரு சொல்லும் புரியாது, ஒரு ராகத்தின் பெயரும் தெரியாது. காதில் என்னதான் போய் விழும்? அதைத் தெரிந்துகொள்ளும் ஆவல் எனக்கு நிபந்தனைகளைவிடப் பெரிதாக இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

மாதவ் மிருதங்கத்தின் இடது பக்கத்தில் ரவையைப் பிசைந்து அப்பிக்கொண்டிருந்தான். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். பிங்கி என்று பெயர் பின்னால் தெரிந்தது.

"பையா, அது சூஜிதானே?" அங்கே அண்ணனுக்கு பையா, ரவைக்கு சூஜி.

"ஆமா, சூஜிதான்."

"டோலக் சாப்பிடுமா?"

"சாப்பிட்டாத்தான் பேசும்."

"ஹல்வா பண்ணிக் குடுத்தா?"

"அப்புறம் தூங்கிடும்."

கூடம் சிரித்தது. எனக்கு முதலில் கோபம். கச்சேரியில் கேள்வி கேட்பது எந்த ஊர் வழக்கம்? ஆனால் யோசித்துப் பார்த்தால், இத்தனை வருஷம் சபாவில் உட்கார்ந்திருந்தும் அந்த ரவை ஏன் என்று நான் எந்த மிருதங்கக்காரரையும் கேட்டதில்லை. மாதவ் தட்டிக் காட்டினான். ரவை இல்லாமல் ஒரு தட்டு, வறண்ட சத்தம். ரவையோடு ஒரு தட்டு. கூடத்தின் தகர ஜன்னல் அதிர்ந்தது. "ஓஹோ" என்று நூற்று நாற்பது குரல். நானும்தான்.

மேதா வர்ணம் ஆரம்பித்தாள். வழக்கம்போல் தொடையில் தாளம் போட்டாள். முடிந்ததும் மறுபடி பிங்கி.

"தீதி, உங்களையே ஏன் அடிச்சுக்கறீங்க? பாட்டு மறந்துபோச்சா?"

சுபாஷிணி வயலின் வில்லால் வாயை மறைத்துச் சிரிப்பை அடக்கினாள். மேதா அடக்கவே இல்லை.

"மறக்கக் கூடாதுன்னுதான் அடிச்சுக்கறேன். எட்டு எண்ணணும். நீயும் வா."

ஒரு தட்டு, மூன்று விரல், மறுபடி தட்டு, திருப்பு, தட்டு, திருப்பு. நூற்று நாற்பது பேரும் தொடையில் தட்டினார்கள். மோகனத்தில் ஒரு கீர்த்தனையின் மேல் ஸ்வரம் பாடும்போது அந்தத் தட்டல் சிதறி, நான்கு வேகத்தில் ஓடியது. பிங்கி மட்டும் விடவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு எட்டையும் எண்ணினாள். என் கை தானாக என் தொடைக்குப் போயிருந்தது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மேதா கல்யாணி ராகத்தை எடுத்தாள். பெரிய உருப்படி அதுதான். அவள் கண் மூடியிருந்தது.

அப்போது பின்வரிசையில் ஒரு முக்காடு எழுந்தது. வாசலுக்குப் போயிற்று. அடுத்து இரண்டு. பிறகு ஐந்து பேர் சேர்ந்து. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பத்து நிமிஷத்தில் பின்வரிசை முழுவதும் காலி. கீழே விரித்த சாக்குதான் மிஞ்சியது.

எனக்கு சரோஜினி நகர் மண்டபம் கண்முன் வந்தது. மேதா கண்ணைத் திறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை. குனிந்து அவள் காதருகே சொன்னேன்.

"மங்களம் பாடிடு."

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். மாதவ் தனி ஆவர்த்தனத்துக்காகக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் முறை இன்னும் வரவேயில்லை. வத்சலா தம்புராவை விடாமல், "ஏன்னா, என்ன அவசரம்?" என்று முணுமுணுத்தாள்.

மேதா காரணம் கேட்கவில்லை. கொடுத்த வாக்குப்படி கல்யாணியைச் சுருக்கி முடித்தாள். சௌராஷ்டிரத்தில் மங்களம் பாடினாள். கும்பிட்டாள். சுபாஷிணி வயலினைப் பெட்டியில் வைத்தாள்.

சந்தோஷ் தஹியா வேகமாக மேடைக்கு வந்தார்.

"என்ன ஆச்சு? அதுக்குள்ள ஏன் முடிச்சிட்டீங்க?"

நான் எழுந்து நின்றேன். "மேடம், எழுந்து போகிறவர்களைக் கையைப் பிடித்து நிறுத்திப் பாடுவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை."

"யாரு எழுந்து போனது? தாவூஜி, பெரியவரே, மணி நாலரை! எருமை கறக்கற நேரம். கறந்து வெச்சுட்டு மாமியாரைக் கூட்டிட்டு வரப் போயிருக்காங்க."

"மாமியாரையா?"

"மாமியார் கேட்டு நல்லா இருக்குன்னு சொன்னாத்தானே மருமக அடுத்த மாசம் வர முடியும்? பாட்டு பிடிக்கலேன்னா அவங்க இங்கயே உக்காந்து ஊர்க்கதை பேசியிருப்பாங்க. பிடிச்சதாலதான் ஓடினாங்க."

நான் பின்வரிசைச் சாக்கைப் பார்த்தேன். அவர் விடவில்லை.

"அவங்க முகத்தைப் பார்த்திருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். நீங்க பெரியவர், எதிர்ல உக்காந்திருக்கீங்க. அதனாலதான் அத்தனை பேரும் முக்காடு."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, வாசலில் கூட்டம். போனவர்கள் அத்தனை பேரும் வந்தார்கள். ஒவ்வொருத்தியுடனும் ஒரு மாமியார். சிலருடன் நாத்தனார்கள். ஒருத்தி கையில் பால் நுரை காயவில்லை. முன்னால் வந்த வயதான பெண்மணி, பிர்மோ தேவி, குழந்தைகளை நகர்த்திவிட்டு முதல் வரிசையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"ம். பாடச் சொல்லு. சூஜி தின்ற டோலக் எது?"

சந்தோஷ் தஹியா மேதாவைப் பார்த்தார். மேதா என்னைப் பார்த்தாள். பதிவேடு மேஜையின் மேல் திறந்து கிடந்தது. ஒரு கையெழுத்தும் இல்லை.

"மேதா," என்றேன். தமிழில்தான். "என் தப்பு. நான் போட்ட நிபந்தனையை நானே எடுத்துடறேன். பாடு."

"முடியாதுப்பா."

"நான்தான் சொல்றேனே."

"நான் உங்களுக்கு மட்டும் சத்தியம் பண்ணலை. மஹாலட்சுமி அத்தை படத்துக்கு முன்னால பண்ணினேன். மங்களம் பாடியாச்சு. எனக்கு முடிஞ்சுது." அவள் கண் பதிவேட்டுக்குப் போய்த் திரும்பியது. ஆனாலும் தலை குனியவில்லை. "பதினோரு ஸ்கூலும் போனாப் போறது. நாளைக்கு யாரும் இந்த வீட்டு மருமக வாக்கு மாறினாள்னு சொல்லக் கூடாது."

எங்கள் வீட்டுக்கு வந்து பதினாறு வருஷத்தில் அவள் என்னிடம் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று என்றால், அது இதுதான் போலிருக்கிறது. நான் முப்பத்தாறு வருஷம் விதிப் புத்தகங்களைப் படித்தவன். ஒரு சந்து கிடைக்குமா என்று அந்த ஒரு நிமிஷத்தில் தேடினேன். ஸ்வரம் பாட்டாகுமா, விளக்கம் கச்சேரியாகுமா என்றெல்லாம். எதுவும் நேர்மையாகத் தெரியவில்லை.

"என்ன பேசிக்கறாங்க?" என்று பிர்மோ தேவி கேட்டார். "பாட்டு உண்டா, கிடையாதா? பால் அப்படியே கிடக்கு."

பாட்டு நடந்தது. ஐந்தரை மணிவரை இருந்தோம். யார் பாடியது என்பதை அதற்குரிய இடத்தில் எழுதுகிறேன். பதிவேட்டில் கையெழுத்தும் கட்டைவிரல் ரேகையுமாக நாற்பத்தாறு விழுந்தன. பிர்மோ தேவி கடைசியாக விரலை வைத்தார். வைப்பதற்கு முன் அவரும் ஒரு நிபந்தனை போட்டார்: அன்று கடைசியில் கேட்ட பாட்டு மாதாமாதம் வேண்டும். அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

திரும்பும்போது வேனில் சுபாஷிணி அவள் அம்மாவுக்கு போன் செய்தாள். "லேட் ஆயிடுத்தும்மா. மங்களத்துக்கு அப்புறமும் பாட்டு இருந்தது. வீட்டுக்கு வந்து சொல்றேன்." அவ்வளவுதான் சொன்னாள். அவள் அம்மா சபாவின் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார். நாங்கள் துவாரகா வந்து சேர ஒன்றரை மணி நேரம். செய்தி எங்களுக்கு முன்பே சேர்ந்துவிட்டது.

ஏழு மணிக்குக் கதவைத் திறந்தால் ஹாலில் ஜெயராம். எதிரே யூனிஃபார்ம்கூட மாற்றாமல் அர்விந்த்.

"வாங்கோ, வாங்கோ," என்று என் வீட்டிலேயே என்னை வரவேற்றார் ஜெயராம். "எல்லாம் கேள்விப்பட்டேன். மனசு சங்கடமாப் போயிடுத்து. நீங்க வேண்டாம் வேண்டாம்னு தடுத்தேளாமே? கேக்காம மங்களத்துக்கு மேல பாடினாளாமே? நீங்க கோபத்துல போய் வேன்ல உக்காந்துட்டேளாம்."

அர்விந்த் எழுந்தான். "மேதா, நிஜமா? அப்பாவை அத்தனை பேர் முன்னாடி விட்டுட்டுப் பாடினியா?"

மேதா தம்புராவைச் சுவரில் சாய்த்தாள். உறையின் நாடாவை மெதுவாகக் கட்டினாள்.

"மாமாவுக்குக் காபி கொண்டு வரேன்," என்று உள்ளே போனாள்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் சொல்லவில்லை. வத்சலா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளும் சொல்லவில்லை.

ஜெயராம் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என் முன் வைத்தார். பேனாவையும் திறந்தே வைத்தார்.

"புதன்கிழமை கமிட்டி. ரெண்டே வரி எழுதிக் குடுங்கோ. என் சம்மதம் இல்லாம நடந்ததுன்னு. இந்த வருஷம் நவராத்திரிக்கு அவளை நிறுத்தி வெச்சுடலாம். உங்களுக்கும் உங்க குடும்பத்துக்கும் முதல் நாள் மரியாதையெல்லாம் எப்பவும் போல. உங்க பேர்ல யாரும் ஒரு குறை சொல்லலை, ஸார். சொல்ல விடுவேனா?"

"அப்பா, எழுதிக் குடுத்துடுங்கோ," என்றான் அர்விந்த். "சரி, அவகிட்ட நான் பேசிக்கறேன்."

உள்ளே காபி ஆற்றும் சத்தம் கேட்டது. அது நின்றது.

அந்த வதந்தியில் என் கௌரவத்துக்கு ஒரு கீறலும் இல்லை. நான் சும்மா இருந்தாலே போதும், அது அப்படியே பாதுகாக்கப்படும். இத்தனை வருஷம் எதைக் காப்பாற்றினேனோ அது முழுசாக, இன்னொருத்தியின் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டிருக்கும்.

மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். அரசாங்கக் காகிதத்தில் எழுதும் அதே கையெழுத்தில், இரண்டு வரியில் அடங்காது என்பதால் காகிதத்தை நீளவாட்டில் திருப்பி எழுதினேன். எழுதி முடித்ததும் ஜெயராமிடம் கொடுக்காமல், உள்ளே இருப்பவளுக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தேன்.

"நாதவல்லி சபா செயலாளர் அவர்களுக்கு. நான் வேனில் போய் உட்காரவில்லை. கூடத்திலிருந்து எவரும் பிடிக்காமல் எழுந்து போகவில்லை. நான் அப்படி நினைத்தது தவறு. மங்களத்துக்குப் பிறகு என் மருமகள் மேதா ஒரு சொல்கூடப் பாடவில்லை. ஆனந்தபைரவியில் ஒரு தாலாட்டு பாடப்பட்டது உண்மை. இரண்டாவது வரியில் சுருதி நழுவியதும் உண்மை. பாடியது நான்."